உளவியலின் முதல் பாடங்கள்: கடலூர், புதுச்சேரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த ஆண்டு உளவியல் பிரிவில் சேர்ந்திருக்கும் மாணவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, கடலூரில் நெடுங்காலம் இப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். இங்கே கற்கும் சொற்களைக் கொண்டு வீட்டில் இருப்பவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டாதீர்கள்.

கேள்வி (மஞ்சக்குப்பம், மாணவர்): உளவியல் படித்தால் எதிரே இருப்பவர் நினைப்பதைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது, தம்பி. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தபோது, ஓர் ஒலியைக் கேட்டவர் அதற்குத் துலங்க (எதிர்வினை காட்ட) எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது போன்றவற்றைத்தான் அங்கே அளந்தார்கள். நடத்தையையும் மனச் செயல்களையும் கவனித்து, அளந்து, சோதித்து அறிவதே இன்றும் நம் வேலை.

கேள்வி (நெல்லிக்குப்பம், மாணவி): புலனுணர்வு, புலன்காட்சி இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. கண்ணில் ஒளி படுவதும் தோலில் சூடு படுவதும் புலனுணர்வு. அதற்கு மனம் பொருள் கொள்வது புலன்காட்சி. வெள்ளிக் கடற்கரையில் நின்று பாருங்கள். தொலைவில் போகும் விசைப்படகு கண்ணுக்கு விரல்நுனி அளவாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அது சிறிய படகு என்று நாம் எண்ணுவதில்லை. புலனுணர்வையும் வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று கிண்ணங்களில் பொறுக்கக்கூடிய வெந்நீர், ஐஸ் தண்ணீர், வெதுவெதுப்பான நீர் என ஊற்றி, ஒரு கையை வெந்நீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் அரை நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுக் கிண்ணத்தில் விடுங்கள். ஒரே நீர் ஒரு கைக்குக் குளிர்கிறது, மறு கைக்குச் சுடுகிறது. நம் புலன்கள் அளவைவிட மாற்றத்தையே கூர்மையாக உணர்கின்றன என்பதை எந்த வரையறையைவிடவும் இது தெளிவாகக் காட்டும்.

கேள்வி (லாஸ்பேட்டை, ஆசிரியப் பயிற்சி மாணவர்): எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?

இல்லை. ஆண்டுதோறும் இதை எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் இருக்கிறார்கள். வலுவூட்டல் எதுவாயினும் அது ஒரு நடத்தையை அதிகமாக்கும், தண்டனை குறைக்கும். மகன் புத்தகத்தை எடுத்தவுடன் அம்மாவின் கடிந்துரை நின்றுவிடுகிறது. தொல்லை விலகியதால் அவன் மறுநாளும் புத்தகத்தை எடுக்கிறான். இது எதிர்மறை வலுவூட்டல். தம்பியை அடித்ததற்காகச் செல்பேசியைப் பிடுங்கி வைத்து, அதனால் அவன் அடிப்பது குறைந்தால், அதுதான் தண்டனை.

கேள்வி (பண்ருட்டி, மாணவர்): பாவ்லோவின் நாயை விட்டால் ஆக்கநிலையுறுத்தலுக்கு வேறு எடுத்துக்காட்டே கிடையாதா?

ஓர் ஓசையோடு சேர்த்துப் பல முறை உணவு கொடுத்தால், பிறகு ஓசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லோவ் காட்டினார்; இப்படி ஒன்றோடொன்று சேர்ந்து வருவதால் கற்பதே ஆக்கநிலையுறுத்தல். அதற்கு எடுத்துக்காட்டு உங்கள் ஊரிலேயே உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் உங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அன்று கூரைத் தகடு படபடத்த ஓசையோடு அச்சத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு, பிறகு சாதாரண ஆடிக் காற்றில் அதே தகடு படபடத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஓசை தனியே எந்தத் தீங்கும் செய்யாதது. பேரச்சத்தோடு சேர்ந்து வந்ததால் அச்சத்தின் அறிகுறியாகிவிட்டது. தீங்கில்லாமல் அந்த ஓசையைப் பல முறை கேட்டால் துலங்கல் மெல்லத் தணியும்.

கேள்வி (கடலூர் முதுநகர், மாணவி): அக்கா மூன்று வாரமாக உறங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. இது மனச்சோர்வா?

இதற்கு நான் இங்கே பெயர் வைக்க மாட்டேன், அம்மா. நீங்களும் வைக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இன்றே அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம்.

கேள்வி (நெய்வேலி, மாணவர்): முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்க எந்தப் பாடம் உதவும்?

எதுவும் உதவாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (வில்லியனூர், மாணவி): நினைவு என்பது மனம் எடுத்து வைக்கும் ஒளிப்படம்தானே?

இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் கார் விபத்துப் படக்காட்சியைப் பார்த்தார்கள். சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘நொறுங்க’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும், ‘மோதிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இதைப் படித்த தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் எழுதுகிறார்: “2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. சுனாமி அலை வந்ததை நான் கண்ணால் கண்டேன். அது பொய்யா?”

ஐயா, நீங்கள் கண்டதை நான் மறுக்கவே இல்லை. அந்தக் காலையின் உண்மை யாராலும் அசைக்க முடியாதது. நான் சொல்வது நுணுக்கங்களைப் பற்றி: அருகில் யார் நின்றார், முதலில் யார் கத்தினார், எந்தத் திசையில் ஓடினீர்கள் என்பவை. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அச்செய்தியை எங்கே, எப்படி அறிந்தார்கள் என்று அமெரிக்க மாணவர்களிடம் உளவியலாளர் உல்ரிக் நைசர் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுகள் கழித்து 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது பலர் முழுவதும் மாறிய கதையை உறுதியோடு சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

லாஸ்பேட்டை மாணவர் மீண்டும் குறுக்கிடுகிறார்: “அப்படியானால் நீதிமன்றத்தில் சாட்சிக்கு மதிப்பே இல்லையா?” மதிப்பு உண்டு. முதல் முறை, எதையும் ஊட்டாத கேள்விகளால், மற்ற சாட்சிகளோடு பேசுவதற்கு முன் பெறப்பட்ட வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம். உறுதியான குரல் மட்டுமே துல்லியத்துக்குச் சான்றாகாது.

பெரியவர் விடவில்லை: “உங்களுக்கு அப்படி நேர்ந்தால் தெரியும்.” நேர்ந்திருக்கிறது, ஐயா. தானே புயலில் எங்கள் வாசல் வேப்பமரம் சாய்ந்ததை ஜன்னல் வழியே பார்த்ததாகப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவந்தேன். கிளை ஒடிந்த வெண்மைகூடக் கண்ணில் நிற்கிறது. அந்த வாரம் நானே எழுதிய நோட்டுப் புத்தகம் பின்னர் பரணில் கிடைத்தது. “ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. காற்று அடங்கிய பிறகு போய்ப் பார்த்தோம்” என்று அதில் இருக்கிறது. அதைப் படித்த பிறகும், மரம் சாயும் காட்சி என் மனத்தில் அப்படியே ஓடுகிறது.

கேள்வி (அதே பெரியவர்): என் மனைவி அலை இரண்டு முறை வந்தது என்கிறாள், நான் மூன்று என்கிறேன். என்ன செய்யலாம்?

இருவரும் தனித்தனித் தாளில், ஒருவரையொருவர் கேட்காமல், நினைவில் உள்ளதை எழுதி வையுங்கள். எழுதி முடித்த பிறகு, உங்கள் விருப்பம் இருந்தால், இரண்டு தாள்களையும் எங்கள் மாணவர்கள் வந்து படிக்கட்டும்.