கூண்டு கழுவறதுக்கா வந்தேன்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன். நாய், பூனைன்னா சின்ன வயசுலேர்ந்தே உயிர். வீட்ல வளக்க விட மாட்டாங்க, அதனால ஒரு அனிமல் ஷெல்டர்ல வாலண்டியரா சேந்தேன். போனா குட்டிங்களோட விளையாடலாம்னு நெனச்சேன், கைல மாப்பும் பக்கெட்டும் தான் குடுத்தாங்க. சரின்னு பண்ணேன். ஒரு நாள் சீக் வார்டுல தண்ணி வச்சிட்டு அப்படியே குட்டிங்க ரூமுக்குள்ள போயிட்டேன், அங்க இருக்கற சீனியர் அக்கா, அங்கேர்ந்து நேரா இங்க வரலாமான்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல.

அப்புறம் எப்பப் பாத்தாலும் சண்டை. வாட்ஸாப் குரூப்ல ரெஸ்க்யூ பண்றவங்க ஒரு பக்கம், ஷெல்டருக்குள்ள இருக்கறவங்க ஒரு பக்கம். அடிபட்டுக் கெடக்கறத தூக்கிட்டு வந்தா எடமில்லங்கறீங்களேன்னு அவங்க, போட்டுட்டுப் போறது நீங்க, பாக்கறது நாங்களான்னு இவங்க. போன வாரம் ஒரு குடும்பம் எட்டு வயசு நாயை விட்டுட்டுப் போக வந்தாங்க. நாங்க நாலஞ்சு பேர் சேந்து நறுக்குன்னு கேட்டோம், நானும் கேட்டேன். அந்தம்மா நாயை விட்டுட்டு அழுதுட்டே போனாங்க. கேட்டது சரிதானே?

எல்லாத்துக்கும் மேல, எனக்குப் புடிச்ச ஒரு குட்டி பார்வோங்கற வைரஸ் வியாதில செத்துப் போச்சு. தடுப்பூசி போட்ட குட்டி அக்கா அது. மறுநாள் யாரும் அதப்பத்திப் பேசவே இல்ல, கூண்டக் கழுவிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டாங்க. மிருகங்களுக்காக வந்தேன், மனுஷங்களால வெறுத்துப் போச்சு. நின்னுடலாமா?

பேர் போட வேண்டாம் ப்ளீஸ்.

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேர் போடல. நீங்க எழுதினது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கு, அதனால எது மொதல்ல தோணுதோ அதச் சொல்லிட்டுப் போறேன். நானும் ஒரு ஷெல்டருக்குப் போய்ட்டு வர்றவ தான். டாக்டர் இல்ல, ஆனா கூண்டு கழுவறதுல சீனியர்.

மொதல்ல அந்தக் கத்தல். நாலு பேர் முன்னாடி கத்தினது எனக்குப் புடிக்கல, புதுசா வந்த பொண்ண ஓரமா கூப்ட்டு சொல்லிருக்கலாம். ஆனா சொன்ன விஷயம் நூத்துக்கு நூறு சரி. உங்க குட்டியக் கொன்ன பார்வோவையே எடுத்துக்கங்க, அது நாய்ங்களுக்கு 1978 வாக்குல தான் புதுசா தலை காட்டின வியாதி, ரெண்டே வருஷத்துல உலகம் பூரா பரவிடுச்சு, ஏன்னா அந்த வைரஸ் அவ்ளோ கெட்டி. தரையில, மண்ணுல, செருப்படியில மாசக்கணக்குல அப்படியே கெடக்கும். கைல தடவற சானிடைசர் அத ஒண்ணும் பண்ணாது. நாய்க்குத் தொத்தி வெளிய தெரிய மூணு நாள்லேர்ந்து ஒரு வாரம் ஆகும், சிலதுக்கு ரெண்டு வாரம் கூட, அதுக்கு முன்னாடியே மலத்துல வைரஸ் வர ஆரம்பிச்சிடும். அதனால தான் எந்த ஷெல்டர்லயும் ஒரு வரிசை வச்சிருப்பாங்க, மொதல்ல குட்டிங்க, அப்புறம் நல்லா இருக்கற பெரிய நாய்ங்க, அப்புறம் புதுசா வந்து குவாரன்டைன்ல இருக்கறது, கடைசில சீக் வார்டு. நீங்க போனது நேர் தலைகீழா. உங்க செருப்புல என்ன ஒட்டிட்டு வந்துச்சோன்னு அந்த அக்காவுக்கு ஈரக்கொல நடுங்கிருக்கும், அது கத்தலா வெளிய வந்துடுச்சு.

மாப்பும் பக்கெட்டும் குடுத்ததுக்கும் காரணம் இதான். எடுபிடி வேலைன்னு நெனச்சிடாதீங்க, அங்க பாதி வைத்தியமே அதுல தான் நடக்குது. மொதல்ல சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சு அழுக்கு, மலம் எல்லாம் போகணும், அழுக்கு மேல ப்ளீச் ஊத்தறது தண்ணிய ஊத்தற மாதிரி தான். அப்புறம் வீட்ல பொழங்கற சாதா ப்ளீச்னா 1 பங்குக்கு 32 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 10 நிமிஷம் ஈரம் காயாம விடணும், நாயை உள்ள விடறதுக்கு முன்னாடி நல்லா அலசிக் காய விடணும். நெறைய பேர் ஊத்தின கையோட தொடச்சிடறாங்க, அப்ப பண்ணதும் ஒண்ணு பண்ணாததும் ஒண்ணு. (டாய்லெட் கழுவற ஆசிட்டையும் ப்ளீச்சையும் சேத்துடாதீங்க, வெஷ வாயு வரும். யாராவது ஒருத்தர் எங்கயாவது இதப் பண்ணிட்டே தான் இருக்காங்க.)

பூனைங்க கூண்டுக்கு மட்டும் கதை வேற. சீக்கு இல்லாத பூனைன்னா தெனம் எல்லாத்தையும் வழிச்செடுத்துக் கழுவக் கூடாது, மணல் தட்டையும் அசிங்கமான எடத்தையும் மட்டும் சுத்தம் பண்ணிட்டு, அது படுத்த துணிய அப்படியே விடணும், தன்னோட வாசனை இல்லாத எடத்துல அதுக்குக் காலே ஊனாது. ஒரு அட்டப்பெட்டியக் கவுத்து ஓட்டை போட்டு உள்ள வச்சிட்டீங்கன்னா பெரிய உபகாரம். நெதர்லாந்துல ஒரு ஷெல்டர்ல புதுசா வந்த பூனைங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2014ல வெளியிட்டாங்க, ஒளிஞ்சுக்கப் பெட்டி கெடச்ச பூனைங்களுக்கு மூணாவது நாலாவது நாளே பதட்டம் நல்லாக் கொறஞ்சிருக்கு, பெட்டி இல்லாததுங்களுக்கு இன்னும் நாள் புடிச்சிருக்கு. சும்மா கெடக்கற அட்டப்பெட்டி!

உங்க குட்டி விஷயம். தடுப்பூசி போட்டும் ஏன் செத்துச்சுன்னு மனசு அடிச்சுக்குதுல்ல? தாய்ப்பால்ல வர்ற எதிர்ப்பு சக்தி குட்டி ஒடம்புல கொஞ்ச நாள் இருக்கும், அது இருக்கற வரைக்கும் ஊசி மருந்தையும் சேத்து அடிச்சிடும். அது வடிஞ்சு, ஊசி புடிக்கறதுக்கு நடுவுல ஒரு சந்து இருக்கு, எந்தக் குட்டிக்கு எந்த வாரத்துல அந்தச் சந்து வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால தான் 16 வாரம் தாண்டற வரைக்கும் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ திருப்பித் திருப்பிப் போடறாங்க. உங்க குட்டி அநேகமா அந்தச் சந்துல மாட்டிருக்கும். யாரும் ஏமாத்தல, யாரும் அசட்டையா விடல.

மறுநாள் கூண்டக் கழுவினத மனசில்லாத வேலைன்னு எழுதிருக்கீங்க, அத ஒத்துக்க மாட்டேன். பார்வோல செத்த குட்டியோட கூண்டு ஒரு மணி நேரம் கூட அப்படியே கெடக்கக் கூடாது. ராத்திரி டிரிப்ஸ் போட்டுட்டு யாரு பக்கத்துல ஒக்காந்திருந்தாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க, அநேகமா காலைல கழுவினவங்களே தான் இருப்பாங்க. ஆனா ஒண்ணு, பேசாம இருக்கறதையே ஒரு பெருமையா வச்சுக்கற சீனியர்ங்களும் உண்டு, நாங்க பாக்காத சாவா, இதுக்கெல்லாம் அழுதா ஷெல்டருக்கு வராதன்னு. அது எனக்கு சுத்தமா ஒத்து வராது. அப்படி முழுங்கி முழுங்கி வச்சவங்க தான் ஒரு நாள் சத்தமில்லாம வர்றத நிறுத்திடறாங்க. உங்களுக்கு அழுக வந்தா அழுங்க, அந்தக் குட்டியப் பத்தி பேசணும்னா பேசுங்க, நீங்க ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு பேர் பேசுவாங்க.

இப்ப அந்தக் குடும்பம். சரிதானேன்னு கேட்டிருக்கீங்க. சரியில்ல. கோவம் வரும், எட்டு வருஷம் கூட இருந்தத எப்படி விட மனசு வருதுன்னு எனக்கும் வயிறு எரியும். ஆனா அந்த நாயப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆளுங்க அவங்க தான். என்ன சாப்பிடும், எதப் பாத்தா பயப்படும், சின்னப் பசங்களோட எப்படி, என்ன மாத்திரை ஓடுது, எதுக்கு உறுமும், எல்லாம் அந்தம்மா வாயில இருக்கு. நீங்க திட்டினீங்க, அந்தம்மா அழுதுட்டே போயிட்டாங்க, அவங்களோட சேந்து எட்டு வருஷத்துக் கதையும் போயிடுச்சு. இப்ப அதோட கார்டுல என்ன எழுதிருக்கீங்க? "ஆண், 8 வயசு, பழுப்பு." இதப் படிச்சிட்டு யாரு தத்தெடுக்க வருவாங்க? ராத்திரி லைட்டோட தூங்கும், தனியா விட்டா கத்தும், பந்தத் தூக்கிப் போட்டா கொண்டாந்து தராதுன்னு நாலு வரி இருந்தா, இது என் வீட்டுக்குச் சரியா வரும்னு ஒருத்தருக்குத் தோணும்.

அதோட ரேபிஸ் விஷயம் ஒண்ணு இருக்கு. கடந்த 10 நாள்ல யாரையாவது கடிச்சுதான்னு உள்ள எடுக்கும்போது கேக்கணும். கடிச்ச நேரத்துல எச்சில்ல வைரஸ் இருந்திருந்தா நாயோ பூனையோ 10 நாளுக்குள்ள அறிகுறி வந்து செத்துடும், அதனால தான் அந்தக் கணக்கு. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அனேகமா யாரையும் காப்பாத்த முடியாது. வாசல்லயே நாலஞ்சு பேர் சேந்து குத்தவாளி மாதிரி நிக்க வச்சா, கடிச்சுதான்னு கேக்கும்போது எவரு ஆமான்னு சொல்வாங்க? "இல்லவே இல்ல"ன்னுட்டு போயிடுவாங்க. அடுத்தவங்க அந்த வாசலுக்கே வர மாட்டாங்க, ராத்திரில கேட்டுல கட்டிட்டுப் போவாங்க, இல்ல தூரமா எங்கயாவது எறக்கி விட்டுட்டு வந்துடுவாங்க. ஒக்கார வச்சு ஏன் விடறீங்கன்னு கேட்டா சில சமயம் விடாமலே முடிக்கலாம். வீட்டு ஓனர் ஒத்துக்கல, பெரியவங்க ஆஸ்பத்திரில இருக்காங்க, கொழந்த பொறந்திருக்கு, இப்படி எதுவா வேணா இருக்கும். ஒரு மாசம் ஃபாஸ்டர்ல, அதாவது தற்காலிகமா வேற ஒருத்தர் வீட்ல, வச்சுத் திருப்பிக் குடுத்தா முடிஞ்சு போற வெவகாரமாக் கூட இருக்கும். சும்மா அலுத்துப் போச்சுன்னு விடறவங்களும் வருவாங்க, இல்லன்னு சொல்லல. அவங்ககிட்டயும் தகவல மொதல்ல வாங்கிக்கங்க, வயித்தெரிச்சல அப்புறமா எங்கிட்ட எழுதுங்க.

வாட்ஸாப் சண்டைல நான் உள்ள இருக்கறவங்க பக்கம். ரெஸ்க்யூ பண்றவங்க மேல மரியாதை இல்லாம இல்ல, நடுரோட்டுல அடிபட்டுக் கெடக்கறதக் கண்ணால பாத்தவங்களுக்கு எடமில்லங்கற பதில் எவ்ளோ கொடுமைன்னு தெரியும். ஆனா கூண்டுக்கு ரெண்டா அடைச்சா சீக்கு வரும், சண்டை போட்டுக் கடிச்சுக்கும், பயந்து ஒடுங்கிப் போனத தத்தெடுக்க ஆள் வராது, அப்ப அது போகாது, எடமும் வராது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 20 கூண்டு இருக்கு, ஒவ்வொண்ணும் சராசரியா 30 நாள் தங்குதுன்னா வருஷத்துக்கு 240 சொச்சம் வந்து போகும். அதையே 15 நாளாக் கொறச்சா 480க்கு மேல. ஒரு கூண்டு கூட புதுசா வாங்கல. எப்படிக் கொறைக்கறது? கருத்தடை ஆபரேஷன் தேதி தள்ளிப் போகாமப் பாக்கணும், நல்ல வெளிச்சத்துல ஃபோட்டோ எடுக்கணும், போன் வந்தா எடுக்கணும், தத்தெடுக்க வர்றவங்கள போலீஸ் விசாரணை மாதிரி கொடையாம பேசணும். இதுல எதுவும் நாயோட பண்ற வேலை இல்ல பாருங்க. மிருகத்துக்காக வந்தேன், மனுஷங்களால வெறுத்துப் போச்சுன்னு எழுதினீங்களே, உள்ள இருக்கற ஒவ்வொரு நாயும் ஒரு மனுஷன் கையால தான் வெளிய போகணும். அங்க மனுஷங்கள சமாளிக்க ஒரு ஆள் எப்பவும் கொறைச்சலா தான் இருக்கும், உங்களால முடியும்னு உங்க கடிதத்தப் பாத்தா தோணுது.

நின்னுடலாமான்னு கேட்டீங்க. நிக்க வேண்டாம், கொறைங்க. தெனம் ஓடி ஓடிப் போய் மூணு மாசத்துல காணாமப் போறவங்கள நாய்ங்களும் பாத்திருக்கு, சீனியர்ங்களும் பாத்திருக்காங்க, புதுசா வர்றவங்ககிட்ட அவங்க ஒட்டாம இருக்கறதே அதனால தான். வாரத்துல ஒரே நாள், ஒரே நேரம், மாறாமப் போங்க. கழுவி முடிச்சப்புறம் அந்த எட்டு வயசு நாயோட கூண்டுல கால் மணி நேரம் ஒக்காருங்க. அது சுவத்தப் பாத்துப் படுத்திருக்கும். நேரா கண்ணப் பாக்காதீங்க, பக்கவாட்டுல திரும்பி ஒக்காந்து போனப் பாருங்க, கூப்பிடாதீங்க, தலையத் தடவப் போகாதீங்க, நடுநடுவுல பிஸ்கட்டு ஒண்ண அதுக்கும் உங்களுக்கும் நடுவுல போட்டுட்டு சும்மா இருங்க. மொத நாள் நீங்க எழுந்து போனப்புறம் தான் சாப்பிடும், அதுவே போதும். ரெண்டு நாள் தாண்டியும் எதுவும் தொடலன்னா மிருக டாக்டர்கிட்ட சொல்லுங்க. பூனைன்னா அவ்ளோ நாள் கூட விடாதீங்க, பட்டினி கெடந்தா அதுங்களுக்கு ஈரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும்.

ஷெல்டர்ல அந்தக் குடும்பத்தோட நம்பர் இருந்தா வாங்கி, நீங்களே போன் பண்ணி அந்தம்மாகிட்ட பேசுங்க. நாய் நல்லா இருக்குன்னு மொதல்ல சொல்லுங்க, அப்புறம் கேக்க வேண்டியதக் கேளுங்க, அந்த 10 நாள் கேள்வியையும் சேத்து.

உங்க கடிதத்துல ஒரு வார்த்தை கூட இல்லாத விஷயம், நீங்க ரேபிஸ் தடுப்பூசி போட்டீங்களா? கடி வாங்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கறது, எத்தன ஊசி, எத்தன நாள் இடைவெளின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. அதப் போட்டிருந்தாலும் பல்லு பட்டா சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், சின்னக் கீறல்னு விடக் கூடாது. போடலன்னா இந்த வாரமே மொத ஊசியப் போட்டுட்டு, போட்டாச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.