கீரை சாப்பிடுகிறேன், ஃபோலிக் அமில மாத்திரையும் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். எங்கள் வீட்டில் சைவ உணவுதான். கீரையும் பருப்பும் தவறாமல் உண்டு. ஃபோலிக் அமில மாத்திரையை நாள் தள்ளிப்போன பிறகு கிளினிக்கில் வாங்கிக்கொண்டால் போதும் என்கிறார் என் மாமியார். அது சரியா?

பதில்: நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்காதீர்கள், இன்றே தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள், அதாவது கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ ஆறாவது வாரத்திலேயே, மூடிவிடுகிறது. அது சரியாக மூடாமல் போகும் குறையைத் தடுக்கத்தான் ஃபோலிக் அமிலம். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, வீட்டில் சோதித்துப் பார்த்து, எட்டாவது வாரத்தில் பதிவு அட்டையுடன் கிளினிக்கில் வந்து அமரும் பெண்ணுக்கு அந்தக் கட்டம் கடந்துபோயிருக்கும். "இனிமேல் சாப்பிட்டால் போதுமா, டாக்டர்?" என்று அவர் கேட்கும்போது, சில மாதங்களுக்கு முன்பே இதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று என் மனம் ஒவ்வொரு முறையும் வருந்துகிறது.

கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, மூன்று மாதங்கள் முன்பிருந்து என்றால் இன்னும் நல்லது, கர்ப்பத்தின் 12ஆவது வாரம் முடியும் வரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நாளுக்கு 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அக்குறை மீண்டும் ஏற்படுவது சுமார் 72 விழுக்காடு குறைந்தது.

கீரையையும் பருப்பையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் மாமியார் சமைத்துப்போடுவது நல்ல உணவு. ஆனால், ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமாக உணவிலுள்ள ஃபோலேட் வெப்பத்தில் சிதைவதோடு நீரிலும் கரைந்துவிடும் என்பதால், கீரையை நிறைய நீரில் வேகவைத்து, அந்தப் பச்சை நீரை வடித்துக் கொட்டும்போது சத்தில் கணிசமான பங்கு அதனோடு போய்விடுகிறது. சிறிதளவு நீரில் மூடிவைத்து வேகவைத்து, அந்த நீரோடு மசித்துவிடுங்கள். அப்படிச் சமைத்தாலும், மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலத்தை உடல் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு உணவிலுள்ளதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே கருத்தரிக்க நினைப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

மருந்தகத்தில் வாங்கும்போது அட்டையில் உள்ள அளவைப் படியுங்கள். பரவலாகக் கிடைக்கும் சிறிய மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் 5 மில்லிகிராம். அது 400 மைக்ரோகிராமைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம். முந்தைய கர்ப்பத்தில் குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அந்த உயர்ந்த அளவைப் பரிந்துரைப்பதுண்டு. நீங்கள் வலிப்பு மருந்து எடுப்பவரானால் அதை நீங்களாகவே நிறுத்திவிடாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் சைவம் என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைட்டமின் பி12 இயல்பாக இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான் உள்ளது. அது குறைந்திருக்கும்போது அதிக அளவு ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்புகளின் பாதிப்போ உள்ளே தொடரும். கை கால்களில் மரமரப்போ எறும்பு ஊர்வது போன்ற உணர்வோ இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், கருத்தரிக்கும் முன் செய்யும் இரத்தப் பரிசோதனையில் பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.