ஏணியைப் பிடிப்பவருக்கும் சம்பளம்

வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் நாடகக் குழு எங்களுடையது. வருடத்துக்கு இரண்டு நாடகம் போடுகிறோம். லைட், சவுண்ட் எல்லாம் வாடகைக்குத்தான். வாடகைக்காரரின் ஆட்களே வந்து கட்டி, ஓட்டி, கழற்றிக்கொண்டு போகிறார்கள். எங்களில் ஒருவருக்கும் அந்த வேலை தெரியாது. இம்முறை 180,000 ரூபா சேர்ந்திருக்கிறது. மட்டக்குளிப் பையன் ஒருவரையும், ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே போர்டிங்கில் தங்கியிருக்கும் பெண்பிள்ளை ஒருவரையும் பயிலுனர்களாக எடுக்க யோசிக்கிறோம். இருவரும் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்கள். ஆளுக்கு மாதம் 15,000 வீதம் ஆறு மாதம் கொடுக்கலாம் என்று கணக்கு. குழுவின் மூத்தவர்களோ, “கூத்துப் பழகினவனுக்கு யார் காசு கொடுத்தது? கற்றுக்கொள்வதே கூலிதான்” என்கிறார்கள். என்ன செய்யலாம்? எதிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது?

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

மூத்தவர்கள் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். கூத்துப் பழகியவர்கள் இரவில் பழகினார்கள். பகலில் வயலோ கடலோ இருந்தது, சாப்பாடு வீட்டில் இருந்தது, கூத்தாடும் களரி நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. மேடைத் தொழில்நுட்பம் பகலையும் சேர்த்துக் கேட்கிற வேலை. காலை எட்டு மணிக்கு மண்டபம் கைக்கு வந்தால் லைட் கட்டி முடிய மதியம் தாண்டிவிடும். பின்னேரம் ஒவ்வொரு லைட்டையும் உரிய இடத்துக்குத் திருப்பும் ஃபோகஸ், இரவு ஒத்திகை. அன்றைக்கு வேறு கூலிக்குப் போக வழியில்லை. காசு கொடுக்காவிட்டால் வெள்ளவத்தையில் சொந்த வீடுள்ள பிள்ளை மட்டும்தான் மூன்றாம் வாரமும் வந்து நிற்பார். மட்டக்குளிப் பையன் வராமல் போனதும் அவருக்கு ஆர்வமில்லை என்று பேசி முடித்துவிடுவோம். நமது மேடைகளின் பின்பக்கம் இப்படித்தான் ஒரே வகை வீடுகளின் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது.

ஆகவே சம்பளம் கட்டாயம். ஆனால் 15,000 போதாது. தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தின் 2025 திருத்தப்படி 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000, நாளொன்றுக்கு 1,200 ரூபா. பயிலுனருக்கு அது பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்காமல் அந்தத் தொகையையே அடிமட்டமாக வையுங்கள். உங்களிடம் உள்ள பணம் இரண்டு பேருக்கு மூன்று மாதம் முழுச் சம்பளம். ஆறு மாதம் அரைச் சம்பளத்தை விட இது எவ்வளவோ மேல். அரைச் சம்பளக்காரர் மற்ற அரையைத் தேடி வேறெங்கோ போய், நீங்கள் கட்டுகிற நாளில் களைத்து வந்து ஏணியில் ஏறுவார். பணத்தை மிச்சம்பிடிக்க ஒருவரை மட்டும் எடுக்கவும் வேண்டாம். ஏணி வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். பிடிக்கிறவர் சும்மா நிற்பவரல்ல, அவர் பார்ப்பதும் வேலைதான்.

இந்த 180,000 சம்பளத்துக்கு மட்டும். இங்கிலாந்தில் 30 இலட்சம் பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் 2017 முதல் பயிலுனர் வரி கட்டுகின்றன. அந்தப் பணத்தைப் பயிற்சிச் செலவுக்குத்தான் எடுக்கலாம், பயிலுனரின் சம்பளத்தை முதலாளி தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். நீங்களும் அப்படியே இரண்டு கணக்கு வையுங்கள். மல்டிமீட்டர், கையுறை, காப்புறுதி, இரவுப் போக்குவரத்து எல்லாம் இரண்டாவது கணக்கில். காப்புறுதியை ஒத்திப்போட வேண்டாம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பயிலுனரையும் வேலையாளாகவே கொள்கிறது.

இரவுப் போக்குவரத்தில்தான் பல நல்ல திட்டங்கள் உடைகின்றன. நாடகம் ஒன்பதரைக்கு முடிந்தாலும் கழற்றி லொறியில் ஏற்ற நள்ளிரவு தாண்டும். திரீவீல் காசை அன்றிரவே கையில் கொடுங்கள். பிறகு பற்றுச்சீட்டோடு வாருங்கள் என்றால், கையில் காசில்லாதவர் காலிவீதியில் விடியும்வரை பஸ் பார்த்து நிற்பார். மறுநாள் காலை பத்துக்கு முன் வேலை வைக்கக் கூடாது. போர்டிங் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று இப்போதே கேளுங்கள். எந்தெந்தத் திகதிகளில் பிந்தும், யார் கொண்டுவந்து விடுவார் என்று குழுவின் கடிதமொன்றை வீட்டுக்கார அம்மாவிடம் நேரில் கொடுங்கள்.

அடுத்தது, சொல்லிக்கொடுப்பது யார்? சாமான் இருப்பது வாடகைக்காரரிடம், கைப்பழக்கம் இருப்பது அவருடைய மூத்த ஆளிடம். அந்த மூத்தவருக்குக் கற்பிக்கும் கட்டணமென்று தனியாக ஒரு தொகை பேசுங்கள். பேசாவிட்டால் உங்கள் பிள்ளைகள் மூன்று மாதமும் பெட்டி தூக்குவார்கள். கட்டுகிற நாள்தோறும் இரண்டு மணித்தியாலம் கைப்பயிற்சிக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்கள் நாடகம் இல்லாத வாரங்களில் அவருடைய மற்ற வேலைகளுக்கு இவர்களை அனுப்பலாம், சம்பளம் உங்களிடமிருந்தே போகவேண்டும்.

முதல் இரண்டு வாரம் தரையில். வட்டக்கால் 15 அம்பியர் பிளக் ஒன்றைத் திறந்து கட்டப் பழக்குங்கள். மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். வாடகைச் சாமானில் பழைய சிவப்பு, கறுப்பு, பச்சைக் கேபிளும் கலந்து வரும், இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். எர்த் வயரை மற்ற இரண்டையும் விடச் சற்று நீளமாக விட்டு வெட்டவேண்டும். யாராவது கேபிளில் தடுக்கி இழுபட்டால் லைவ் முதலில் கழன்று, எர்த் கடைசியில்தான் கழலும். பிளக்கின் பிடி வெளியுறையைக் கவ்வ வேண்டும், உள்வயர்களை அல்ல. திருகாணி தளர்ந்தால் அந்த இடம் சூடாகிப் பிளக் கருகும். கருகிய பிளக்கைத் துடைத்துத் திரும்பப் போடுவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய பிழை. வெட்டி எறியச் சொல்லுங்கள். கேபிளை மீட்டரில் சோதிக்கும்போது இரு முனைகளையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே அறுவது பெரும்பாலும் பிளக்குக்குப் பக்கத்தில்தான்.

பிறகு கணக்கு. 1,000 வாட் லைட் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 அம்பியர் இழுக்கும். மண்டபத்துக்கு வரும் மின்சாரம் 30 அம்பியர் ஒற்றை பேஸ் (phase) லைன்தான் என்றால் ஆறு லைட், அதோடு முடிந்தது. ஆறும் முழுதாக எரியும்போது பின்னறையில் யாராவது தேத்தண்ணிக்கு மின் கேத்தலைப் போட்டால் இன்னும் எட்டரை அம்பியர் ஏறி, உச்சக்காட்சியில் மேடை இருண்டுவிடும். சவுண்டுக்கு முடிந்தால் வேறு பேஸில் லைன் எடுங்கள். லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிமரோடு ஒரே லைனில் போட்டால் ஸ்பீக்கர் இரையும்.

எல்ஈடி பார் (PAR) லைட்டில் முகவரி போடுவதையும், அதாவது லைட் போர்டின் எந்தச் சனலிலிருந்து அது கட்டளை கேட்க வேண்டும் என்ற எண்ணைப் போடுவதையும், தரையிலேயே பழகலாம். ஒவ்வொன்றும் ஏழு சனல் என்றால் 1, 8, 15, 22 என்று போகவேண்டும். இரண்டாவதுக்கு 7 போட்டால், முதலாவதின் கடைசிச் சனலைத் தொடும்போதெல்லாம் இரண்டாவதும் சேர்ந்து ஆடும். லைட் காரணமில்லாமல் துடித்தால், கட்டளை போகும் டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதிலாக இடையில் யாரோ மைக் கேபிளைச் செருகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வரிசையின் கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் (கேபிள் வரிசையை முடித்துவைக்கும் செருகி) இருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்துக்கு முன் ஏணி வேண்டாம், 18 வயது நிரம்பாதவருக்கு ஏணியே வேண்டாம். சாத்தும் ஏணி என்றால் நாலு மீற்றர் உயரத்துக்கு அடிக்கால் ஒரு மீற்றர் வெளியே நிற்கவேண்டும். சட்டைப்பையில் போன், சாவி எதுவும் இருக்கக் கூடாது, ஸ்பானர் கயிற்றில் கட்டி மணிக்கட்டில். லைட்டைக் கொளுக்கியில் மாட்டு, இறுக்கு, பாதுகாப்புக் கம்பியைப் போடு, அதன் பிறகே கேபிள். இந்த வரிசை கைக்கு வரவேண்டும். கம்பியைத் தொங்கலாக விடாமல் குட்டையாகப் போடுங்கள். தொங்கல் எவ்வளவோ அவ்வளவு தூரம் லைட் விழுந்துதான் கம்பியைப் பிடிக்கும்.

கொழும்பில் பெரிய அரங்குகளின் மேடையாட்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். லைட்டையோ சவுண்டையோ மாற்றச் சொல்லும் கியூ ஆங்கிலத்தில் வரும், ஆபத்து எச்சரிக்கை சிங்களத்தில் வரும். “நவத்தன்ன” என்றால் நிறுத்து, “உட” மேலே, “யட்ட” கீழே, “பரிஸ்ஸமென்” கவனம். கயிற்றில் நிற்பவருக்கு மிக முக்கியமானவை இரண்டு: “அல்லன்ன” என்றால் பிடி, “அத்தஹரின்ன” என்றால் விடு. தமிழ்க் காதுக்கு “அல்லன்ன” நம் “அல்ல” போலக் கேட்டு, வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்துக் கையை விட்டுவிடும் ஆபத்து உண்டு. இந்தச் சொற்களை முதல் நாளே சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். ஹட்டனிலிருந்து வந்தவருக்குச் சிங்களம் ஓரளவு தெரிந்திருக்கலாம், அவரே மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

நாளேடு ஒன்று கொடுங்கள்: திகதி, மணித்தியாலம், செய்த வேலை, கற்பிக்கும் மூத்தவரின் கையொப்பம். பின்னாளில் மின் வேலைக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்க விரும்பினால், பாடநெறி படிக்காமலே செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகும் வழி தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் உண்டு. அங்கே இந்த நாளேடு கைகொடுக்கும்.

மூன்று மேடையேற்றம் என்றால் முதலாவதில் லைட் போர்டில் மூத்தவர் இருக்கட்டும், பயிலுனர் பக்கத்தில் அமர்ந்து கியூத் தாளைப் பின்தொடரட்டும். அடுத்த இரண்டையும் பயிலுனரே ஓட்டவேண்டும். மூத்தவர் பின்னால் நிற்கலாம், கை வைக்கக் கூடாது. ஓட்டியவரின் பெயர் நிகழ்ச்சித் தாளில் “ஒளி இயக்கம்” என்றே வரவேண்டும், “உதவி” என்று கீழே போடாதீர்கள். அச்சுக்குப் போகுமுன் பெயரின் எழுத்தை அவர்களிடமே காட்டிச் சரிபாருங்கள்.