வழித்தோன்றல் யார்?

கேள்வி: எங்கள் தாத்தாவின் இரங்கல் அறிவிப்பில் ‘வழித்தோன்றல்கள்’ என்று போட்டு, மகன்வழிப் பேரப்பிள்ளைகளின் பெயர்களை மட்டும் அச்சிட்டிருந்தார்கள். மகள் வயிற்றுப் பேத்தியான என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “மகள் பிள்ளைகள் வாரிசு ஆகமாட்டார்கள்” என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: அப்பெரியவர் இரு சொற்களை ஒன்றாக்கி, இரண்டிலுமே தவறியிருக்கிறார்.

‘வாரிசு’ அரபு மூலத்திலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். சொத்துக்கு உரியவர் என்பது அதன் பொருள். பிறப்பைப் பற்றி அது பேசுவதில்லை. இறந்தவரின் மனைவி அவருக்கு வாரிசு, ஆனால் வழித்தோன்றல் அல்லர். சட்டப்படி பார்த்தாலும், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் (முஸ்லிம்களுக்கு இது பொருந்தாது) மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. மகள் முன்பே இறந்திருந்தால் அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளைச் சேர்கிறது.

‘வழித்தோன்றல்’ நம்முடைய சொல். இதில் வரும் ‘வழி’ நடந்துபோகும் பாதையன்று, சந்ததி. “பழியஞ்சிப் பாத்தூண் உடைத்தாயின் வாழ்க்கை வழியெஞ்சல் எஞ்ஞான்றும் இல்” என்ற 44ஆம் குறளில், பழிக்கு அஞ்சிப் பொருள் ஈட்டிப் பகுத்துண்பவனின் ‘வழி’ ஒருநாளும் அற்றுப்போகாது என்று வள்ளுவர் சொல்வது இந்தப் பொருளில்தான். ‘தோன்றல்’ தனித்து வரும்போது மகன், தலைவன் என்ற பொருள்கள் பழைய இலக்கியத்தில் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘வழி’யோடு சேர்ந்து இன்று நாம் வழங்கும் சொல், ஒருவரிடமிருந்து நேராக இறங்கிவரும் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை அனைவரையும் குறிக்கிறது. தாத்தாவின் தம்பி மகன் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் தாத்தாவின் வழித்தோன்றல் ஆகார், மருமகனும் ஆகார். நீங்கள் ஆவீர்கள். ‘பரம்பரை’ இதைவிட அகன்ற சொல், குரு சீடர் வரிசைக்கும் பொருந்துவது. அதை இங்கே இழுக்கத் தேவையில்லை.

‘மகள் வயிற்றுப் பேத்தி’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தாத்தாவோடு சேர்ப்பதற்கென்றே நம் வீடுகளில் வழங்கும் தொடர் அது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அறிவிப்பில் அதே தொடரோடு உங்கள் பெயரையும் அச்சிடச் சொல்லுங்கள்.