பழைய பென்ஸ் வாங்கலாமா? பேங்கில் இருக்கும் 40 சவரன் என்ன ஆவது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 47. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். நல்ல சீசனில் 14 லட்சம் நிற்கும், மோசமான வருஷத்தில் 8 லட்சம். வீட்டுச் செலவு வருஷத்துக்கு 6 லட்சம். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். இன்னும் அந்தப் பழைய டிசையரிலேயே போய் இறங்கினால் மதிப்பாக இருக்காது என்று பெங்களூரில் இருக்கும் மச்சான் சொல்கிறார். அவருக்குத் தெரிந்தவரிடம் 2017 மாடல் பென்ஸ் இ-கிளாஸ் டீசல் இருக்கிறது. கர்நாடகா நம்பர், 82,000 கி.மீ. ஓடியது, விலை 23 லட்சம். 15 லட்சத்துக்கு ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்து தருகிறாராம், 14% வட்டி, நாலு வருஷம். மீதி 8 லட்சத்துக்கு வரும் ஜூனில் பேங்கில் அடகில் இருக்கும் நகையைத் திருப்பி வைத்தால் போதும். 2021இல் 40 சவரனை 9 லட்சத்துக்கு வைத்தேன். வருஷா வருஷம் திருப்பி வைத்ததில் 10, 12, 15 என்று ஏறி, போன வருஷம் 19 லட்சம் ஆனது. வட்டி 10%. தங்கம் ஏறியிருப்பதால் இப்போது 29 லட்சம் வரை தருவதாகச் சொல்கிறார்கள். நகை எப்படியும் மகளுக்குத்தான், பேங்கில் பத்திரமாக இருக்கிறது. இந்த வண்டியை நம்பி வாங்கலாமா? வேறு எது நல்லது? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: நீங்கள் காரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிறுத்தியது இந்த ஒரு வரிதான்: "நகை எப்படியும் மகளுக்குத்தான், பேங்கில் பத்திரமாக இருக்கிறது." நகை பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 19 லட்சத்தை எண்ணி வைத்தால்தான் அது உங்கள் மகள் கழுத்துக்கு வரும். வரன் வீட்டார் முன்னால் உட்கார்ந்து "40 சவரன் போடுகிறோம்" என்று நீங்கள் சொல்லப்போகும் நகையும் இதுதானே? கல்யாணம் முடிவானால் நாலைந்து மாதத்தில் அதை மீட்க வேண்டியிருக்கும். அந்த 19ஐ 29 ஆக்கிவிட்டு, காரில் ஏறி அதே வீட்டுக்குப் பேசப் போகிறீர்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மண்டிக்காரர்கள் நகை வைப்பது எனக்குத் தெரியாததல்ல. தை மாதம் பூ பார்த்துத் தோப்புக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், பணம் திரும்பி வருவது ஆனி, ஆடியில். இடைப்பட்ட மாதங்களுக்கு நகை வைப்பது நியாயமான தொழில் கடன், அதைவிடக் குறைந்த வட்டிக்கு வேறு இடத்தில் எளிதில் கிடைக்காது. தையில் வைத்து ஆடியில் மீட்டிருந்தால் எனக்குப் பேச எதுவுமில்லை. நீங்கள் மீட்கவில்லை. மீட்டது போல ஒரு நாள் கணக்குக் காட்டி, கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு நாள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் கிளை திறப்பதற்கு முன்பே வாசலில் ஒருவர் பையோடு நிற்பார். அவர் பணத்தைக் கட்டி நகையை வெளியே எடுப்பது, மதியத்துக்குள் அதே கவுன்ட்டரில் அதே நகையை எடை போட்டுக் கூடுதல் தொகைக்கு வைப்பது, அவர் பணத்தை அவரிடம் கொடுப்பது, லட்சத்துக்கு இவ்வளவு என்று கமிஷன். கிருஷ்ணகிரியில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா காத்திருக்கும் நேரத்தில் தன் ஆரத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனார், ஆரம் மறுபடி உறைக்குள் போய்விட்டது. அன்றைக்கு அவர் கையில் அந்த நகை இருந்தது ஒரு மணி நேரம் இருக்கும்.

உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 2021 ஜூன் முதல் 2025 ஜூன் வரை கட்டிய வட்டி 90,000, 1 லட்சம், 1.2 லட்சம், 1.5 லட்சம். கூட்டினால் 4.6 லட்சம். இந்த நாலு வருஷத்தில் நகை மேல் கூடுதலாக வாங்கியது 10 லட்சம். அதாவது நீங்கள் எடுத்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, வட்டிக்கே போயிருக்கிறது. கையில் நின்றது 5.4 லட்சம், கமிஷன் போனால் இன்னும் குறைவு. ஆனால் கடன் 10 லட்சம் ஏறியிருக்கிறது. தங்கம் விலை ஏறியது உங்கள் மகளுக்குச் சேர வேண்டிய லாபம். அந்த லாபத்தை வருஷா வருஷம் நீங்கள் கடனாக எடுத்துச் செலவு செய்துவிட்டீர்கள்.

விலை இறங்கினால்? 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாளில் தங்கம் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அப்படி ஒரு ஜூன் வந்தால், 29 லட்சத்துக்கு வைத்த நகையைத் திருப்பி வைக்கும்போது 29 தர மாட்டார்கள். குறையும் தொகையை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும். விதிகளும் இறுகிவிட்டன. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, சொந்தச் செலவுக்கு வாங்கும் கடன் 5 லட்சத்துக்கு மேல் என்றால் நகை மதிப்பில் 75% தான் உச்சம். கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் அந்த 75 சதவீதத்துக்குள் வட்டியும் அடங்க வேண்டும். சேர்ந்த வட்டியைக் கட்டாமல் புதுப்பிக்கவும் முடியாது. எல்லா நிறுவனங்களும் இதற்கு மாறக் கொடுத்த கெடு 2026 ஏப்ரல் 1. இந்த ஜூனில் உங்களுக்கு யாரோ வாய்மொழியாகச் சொன்ன 29 லட்சம் அப்படியே கிடைக்கும் என்று எண்ணி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, அந்தத் தொகை கிடைத்தே விட்டது என்று வையுங்கள். 29இல் பழைய 19 போய், இந்த வருஷ வட்டி 1.9 போய், 8.1 லட்சம் கையில் வரும். கார் வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் வருஷச் செலவு: நகை வட்டி 2.9 லட்சம். கார் தவணை மாதம் சுமார் 41,000, வருஷத்துக்கு 4.9 லட்சம். இன்சூரன்ஸும் சர்வீஸும் ரிப்பேரும் சேர்த்து, பெரிதாக எதுவும் போகாத வருஷத்தில் 2.2 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 10 லட்சம். வீட்டுச் செலவு போக உங்களுக்கு நிற்பது நல்ல வருஷத்தில் 8, மோசமான வருஷத்தில் 2. மாவில் பல ரகங்கள் ஒரு வருஷம் காய்த்தால் அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். 2025இல் பெங்களூரா மாங்காய் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மாங்காயே இல்லாத கார்த்திகையிலும் மார்கழியிலும் 41,000 தவணை வரும். தவணையைக் குறைத்துக் காட்டி, கடைசியில் ஒரே அடியாகப் பெரிய தொகை கேட்கும் பலூன் இஎம்ஐ ஒன்று இப்போது சொகுசுக் கார்களுக்கு அதிகம் பேசப்படுகிறது. மச்சான் அதைக் கொண்டு வந்தாலும் வேண்டாம். வருமானம் மழையையும் பூவையும் நம்பியிருப்பவருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

இதில் ஒரு பெரிய செலவை நீங்கள் இருவருமே எண்ணவில்லை: தமிழ்நாட்டு ஆயுள் வரி. கர்நாடகா வண்டியை இங்கே வைத்து ஓட்டுவதென்றால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே கிருஷ்ணகிரி நம்பரான டிஎன் 24க்கு மாற்றியாக வேண்டும். சட்டம் தரும் அவகாசம் 12 மாதம். 20 லட்சத்துக்கு மேலான புதுக் காருக்கு இங்கே வரி 20%. பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், ஆனால் அடிப்படை புதிதாக வாங்கிய அன்றைய விலை. நீங்கள் கொடுக்கும் 23 லட்சம் அங்கே பேச்சில் வராது. புதிதில் 50 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு இது சில லட்சங்களில் வந்து நிற்கும். கர்நாடகாவில் கட்டியதில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், அது இங்கே கட்டி முடித்த பிறகு. விலை பேசும் முன்பே வண்டி எண்ணோடு கிருஷ்ணகிரி ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய் வரித் தொகை என்ன என்று கேட்டு வந்துவிடுங்கள்.

இப்போது வண்டி. பென்ஸ் மோசமான கார் என்று சொல்ல மாட்டேன். 2017இல் வந்த அந்த டீசல் இன்ஜின் நல்ல இன்ஜின். ஆனால் ஒன்பது வயதான சொகுசுக் காரில் இன்ஜினைவிட மற்றவைதான் பணம் கேட்கும்: ரப்பர் புஷ், கூலன்ட் குழாய், சென்சார், ஏசி. வண்டி பாதி விலைக்கும் கீழே வந்துவிட்டது, பார்ட்ஸ் விலை 50 லட்ச ரூபாய்க் காருக்கு உரிய இடத்திலேயே நிற்கிறது. தோப்பூர் கணவாயில் நின்றுபோனால் லாரியில் ஏற்றி, பென்ஸ் சர்வீஸ் இருக்கும் பெரிய ஊருக்குத்தான் கொண்டு போக வேண்டும். அந்த நீளமான காரை உங்கள் தோப்பு மண்சாலையில் இறக்கினால் அடி தட்டும். பிஎம்டபிள்யூ என்றால் பெரும்பாலும் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர், ஒரு டயருக்கே 20,000 போகும். 2012, 2013 வாக்கில் வந்த அவர்கள் டீசலில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. அதை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டிவரும். ஆடி (Audi) கார் என்றால் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

நம்பிக்கைதான் முக்கியம் என்றால் நான் கை காட்டுவது டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட். 2013 முதல் பெங்களூரு பக்கத்தில் பிடதியில் பாகங்களைப் பூட்டி விற்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின், அதோடு சேர்ந்த கியர் அமைப்பில் தேய்ந்து மாற்ற வேண்டிய கிளட்ச் கிடையாது. இன்னோவா ஓடாத தெரு நம் மாவட்டத்தில் இல்லை, அதனால் டொயோட்டா சர்வீஸ் தெரிந்தவர்களும் உண்டு. பின் சீட்டில் பெரியவர்கள் கால் நீட்டி உட்காரலாம். ஹைப்ரிட் பேட்டரியை மட்டும் கம்பெனி சர்வீஸில் சோதித்து ரிப்போர்ட் கேளுங்கள். அது இல்லாமல் விலை பேசாதீர்கள்.

எந்த வண்டியானாலும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாற்றை எடுங்கள். கிலோமீட்டர் குறைத்திருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகனில், வண்டி மேல் இருந்த கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் மாலை வண்டியை நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் போய் நில்லுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். பெங்களூரு வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அங்கே வீட்டு வாசலில் நின்ற சொகுசுக் கார்கள் எத்தனையோ மூழ்கின. அடுத்த வருஷம் பாலக்கோட்டைச் சேர்ந்த தக்காளி வியாபாரி ஒருவருக்காக அங்கே ஒரு கார் பார்க்கப் போயிருந்தேன். பளபளவென்று இருந்தது, உள்ளே வாசனை வேறு அடித்து வைத்திருந்தார்கள். பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். சுருளுக்குள் இருந்த கடைசி ஒரு சாணில் பழுப்பாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் காய்ந்த சேறு பொடியாக உதிர்ந்தது. ஸ்டெப்னி குழியில் திருகெல்லாம் துரு. நாங்கள் பேசாமல் கிளம்பி வந்துவிட்டோம். நீங்களும் எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள்.

ஆனால் இதெல்லாம் இந்த வருஷத்துக்கு வேண்டாம். வரன் வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் டிரைவரோடு நல்ல வண்டி வாடகைக்கு எடுங்கள். நாலு முறை போனாலும் ஒரு மாதக் கார் தவணையைத் தாண்டினால் கொஞ்சம்தான் தாண்டும். ஜூனில் வட்டி 1.9 லட்சத்தைக் கைப்பணத்தில் கட்டுங்கள், கூடுதலாக ஒரு ரூபாய் வாங்காதீர்கள். 40 சவரனும் ஒரே கடனில் இருப்பதால்தான் உங்களால் மீட்கவே முடியவில்லை. புதுப்பிக்கும்போது எட்டு எட்டு சவரனாக ஐந்து தனிக் கடனாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 3.8 லட்சம். நல்ல சீசன் என்றால் வட்டியோடு சேர்த்து 5.7 லட்சம் கட்டி ஒரு பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு வரலாம், அதற்கு மேலும் கையில் 2 லட்சம் இருக்கும். மோசமான சீசனில் வட்டி மட்டும் கட்டுங்கள். இரண்டு மூன்று பொட்டலம் வந்து, கார் விலையில் பாதி ரொக்கமாகவும் ரிப்பேருக்கு 2 லட்சம் தனியாகவும் சேர்ந்த பிறகு கேம்ரியைத் தேடலாம். அதற்குள் இன்றைக்கு எட்டாத விலையில் இருக்கும் புது மாடல்களும் இறங்கி வந்திருக்கும். கல்யாணம் முந்திக்கொண்டால் காரை மறந்துவிட்டு முழுப் பணத்தையும் நகைக்கே போடுங்கள்.

மச்சானிடம் எப்படி மறுப்பது என்ற தயக்கம் இருக்கும். "ஜூனில் நகையைத் திருப்ப வேண்டியிருக்கிறது, அது முடியாமல் வண்டி இல்லை" என்று சொன்னால் போதும். மாமன் அவர், மருமகள் நகை என்றால் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார்.

அடகு ரசீதில் இருக்கும் தவணை முடியும் தேதியை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மாங்காய்ப் பணம் கைக்கு வருவதற்கு முன்னால் அந்தத் தேதி வந்தால், இப்போதே கிளைக்குப் போய் வட்டியை மட்டும் முன்கூட்டிக் கட்டலாமா, ஐந்தாகப் பிரிக்க என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.