கிராம் நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: நான் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். அம்மாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. ஒரு மாதமாக நீர்க்கடுப்பு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையில் நின்றது, திரும்ப வந்துவிட்டது. யூரின் கல்ச்சரில் ‘கிராம் நெகட்டிவ், ஈ.கோலை, 1 லட்சத்துக்கு மேல்’ என்று இருக்கிறது. நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்றுதானே? அப்புறம் ஏன் ஊசி போடச் சொல்கிறார்கள்?

பதில்: கிருமி இருக்கிறது. ‘1 லட்சத்துக்கு மேல்’ என்பதே ஒரு மில்லி சிறுநீரில் உள்ள கிருமிகளின் கணக்குதான். கொரோனா காலத்திலிருந்து நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பழகிவிட்டோம். இங்கே அந்தச் சொல் சாயத்தைப் பற்றியது. 1884-இல் டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறை இது. கிருமிக்கு ஊதாச் சாயம் ஏற்றி ஆல்கஹாலில் அலசுவார்கள். சாயம் நின்றால் கிராம் பாசிட்டிவ், போய்விட்டால் கிராம் நெகட்டிவ். நெசவும் சாயமும் தெரிந்த அம்மாபேட்டைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சாயம் நிற்காத இந்தக் கிருமிகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. பல மருந்துகளை அது உள்ளே விடாது. அந்தச் சவ்வில் இருக்கும் நச்சுப்பொருள் ரத்தத்தில் கலந்தால் உடம்பே தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் வரும், ரத்த அழுத்தம் இறங்கும்.

ஈ.கோலை நம் குடலில் சாதாரணமாக வாழ்வதுதான். சிறுநீர்ப் பாதைக்குள் போனால்தான் தொல்லை. பெண்களுக்கு அந்தப் பாதை குட்டையானது. சர்க்கரையும் சேர்ந்தால் தொற்று சுலபமாக வருகிறது. எஸ்டேட்டில் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வேலை செய்யும் பெண்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அம்மாவும் அப்படித்தானா என்று கேளுங்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே ‘எஸ்’ இருந்தால் அது கேட்கும், ‘ஆர்’ என்றால் கேட்காது. இ.எஸ்.பி.எல். என்று எழுதியிருந்தால், வழக்கமாகக் கொடுக்கும் பல மருந்துகளை உடைக்கும் நொதி அந்தக் கிருமியிடம் இருக்கிறது. அதனால்தான் பல சமயம் ஊசி சொல்கிறார்கள். காய்ச்சல் இல்லாமல் வெறும் கடுப்பு மட்டும் என்றால், வாயால் சாப்பிடும் மருந்துகளான நைட்ரோஃபுரான்டாயின் அல்லது ஃபாஸ்போமைசினுக்கு ‘எஸ்’ இருக்கிறதா, அது போதுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தால் இவை போதாது, ஊசிதான் சரி. மெடிக்கலில் வாங்கிய மாத்திரையின் அட்டை இருந்தால் மறக்காமல் காட்டுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். யூரினை ஏற்காட்டில் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மதியம் லேபில் கொடுத்தீர்களா? அப்படியென்றால் வழியில் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகியிருக்கும். அம்மாவுக்குக் கடுப்பு இருப்பதால் இந்த ரிப்போர்ட்டை ஒதுக்க வேண்டாம். அடுத்த முறை லேபிலேயே, சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

குளிர்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மலையிலிருந்து இறங்கி வர நேரமாகும், உடனே 108-ஐ அழையுங்கள்.