வாசகர் கேள்வி-பதில்: 30 ஓட்டில் கைமாறும் தொகுதி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலச் சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோலா சிலாங்கூர் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கே: நாங்கள் இருந்த தோட்டத்தில் லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். இப்போது பட்டணத்து ஓரத்தில் புதுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். மைகார்டில் (அடையாளக் கார்டில்) இன்னும் தோட்டத்து முகவரிதான். ஓட்டு எங்கே இருக்கும்?

ப: வாக்காளர் பட்டியலில் எந்த இடம் இருக்கிறதோ அங்கேதான். முதலில் தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் இணையப் பக்கத்தில் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர், லோக்காலிட்டி (குடியிருப்பு இடம்), வாக்களிப்பு வட்டாரம், சட்டமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் வரும். லோக்காலிட்டி என்ற வரியில் பழைய தோட்டத்தின் பெயர் இருந்தால் உங்கள் ஓட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். தோட்டமே இல்லாமல் போனாலும் ஓட்டு அங்கிருந்து தானாக நகராது.

மாற்றுவதற்கு இரண்டு வேலை இருக்கிறது. தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மைஎஸ்பிஆர் டஃப்தார் இணையத்தளம் வழியாகவும் செய்யலாம், ஆணையத்தின் மாநில அலுவலகத்திலும் செய்யலாம். நம்மவர்களில் பலர் பதிவிலாகாவோடு வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறார்கள். 'இப்போதெல்லாம் தானாகப் பதிவாகிறதே' என்பார்கள். 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த தானியங்கிப் பதிவு 18 வயது நிறைந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உரியது. ஏற்கெனவே பட்டியலில் இருந்துகொண்டு வீடு மாறுகிறவர்களை அது இடம் மாற்றாது.

பிள்ளைகள் விஷயத்தையும் பாருங்கள். 12 வயதில் எடுத்த மைகார்டில் பழைய முகவரி இருந்து, 18-இல் மாற்றாமல் விட்டால், அந்தத் தோட்டத்துக் கணக்கிலேயே அவர்களும் வாக்காளராகிவிடுவார்கள். ஒரே வீட்டில் அப்பா ஒரு தொகுதி, மகள் ஒரு தொகுதி என்று ஆவது இப்படித்தான்.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, துணைப் பட்டியலில் பார்வைக்கு வைக்கப்பட்டு, அதன்பின்தான் உறுதியாகும். சட்டமன்றம் கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது. 2023-இல் சிலாங்கூர் சட்டமன்றம் ஜூன் 23-இல் கலைந்தது, ஆகஸ்ட் 12-இல் வாக்களிப்பு. நடுவில் இருந்தது ஏழு வாரம். விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

கே: எங்கள் தொகுதி யார் பக்கமும் சாயலாம் என்கிறார்கள். அதை எப்படிக் கணக்கிடுவது? நம் ஓட்டால் உண்மையிலேயே மாறுமா?

ப: மாறும். 2023 சட்டமன்றத் தேர்தலில் தாமான் மேடானில் பெரிக்காத்தான் கூட்டணி வென்ற பெரும்பான்மை 30 ஓட்டு. கோம்பாக் செத்தியாவில் 58. தாமான் மேடானில் 16 பேர் மனம் மாறி எதிர்ப்பக்கம் போட்டிருந்தால் முடிவே வேறு. ஒரு தாமானின் ஒரு வரிசை வீடுகள் போதும். நாடாளுமன்றத்துக்கு வந்தால், 2022-இல் கோலா சிலாங்கூரில் டாக்டர் சுல்கிப்ளி அமாட் 1,002 ஓட்டு பெரும்பான்மையில் வென்றார்.

ஈஜோக் கதையும் உங்களுக்குத் தெரியும். 2007 ஏப்ரல் இடைத்தேர்தலில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளரிடம் தோற்ற பி.கே.ஆர். கட்சியின் காலிட் இப்ராகிம், ஓர் ஆண்டுகூட ஆகாமல் 2008 மார்ச்சில் அதே தொகுதியில் வென்று மந்திரி பெசார் (மாநில முதல்வர்) ஆனார். 2013, 2018-இலும் பி.கே.ஆர். கையில் இருந்த தொகுதி 2023-இல் பெரிக்காத்தானுக்குப் போனது. இதை எந்தக் கட்சியும் தன் சொத்து என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கணக்குப் போட, போன தேர்தல் முடிவை எடுத்துக்கொண்டு மூன்று எண்களை அருகருகே எழுதுங்கள்: பெரும்பான்மை, நிராகரிக்கப்பட்ட ஓட்டு, வாக்களிக்க வராதவர்கள். உதாரணத்துக்கு 40,000 வாக்காளர் உள்ள தொகுதியில் 70 விழுக்காட்டினர் வந்தால் 12,000 பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள். பெரும்பான்மை 800 என்றால், வராதவர்களில் 14 பேருக்கு ஒருவர் வந்து ஒரே பக்கம் போட்டிருந்தால் போதும். கட்சிகள் வாக்காளரை வெள்ளை (தங்கள் ஆதரவாளர்), சாம்பல் (முடிவு செய்யாதவர்), கறுப்பு (எதிர்ப்பக்கத்தவர்) என்று பிரித்து வைத்திருக்கும். சாம்பலில் இருக்கும் வீட்டுக்குத்தான் நாலு தடவை வருவார்கள். அந்த நாலு தடவையையும் பயன்படுத்திக் கேள்வி கேளுங்கள்.

கே: வேட்பாளர் வீட்டுக்கு வரும்போது எதைக் கேட்பது? எல்லாரும் எல்லாவற்றையும் செய்கிறேன் என்கிறார்கள்.

ப: சட்டமன்ற உறுப்பினரின் கைக்குள் இருப்பதைக் கேளுங்கள். நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதி கொடுப்பது மாநில அரசுதான். 'அடுத்த தோட்டம் மேம்பாட்டுக்குப் போகும்போது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எத்தனை வீடு, என்ன விலை, எழுத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேளுங்கள். கோயில் நிலம், இடுகாடு, குடிநீர் ஆகியவையும் மாநிலத்தின் பக்கம்தான். கால்வாய், குப்பை, தெருவிளக்கு நகராண்மைக் கழகத்தின் வேலை. அந்தக் கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு, நமக்கு அதற்குத் தனி ஓட்டு இல்லை. அதனால் இதையும் சட்டமன்ற வேட்பாளரிடமே கேட்கலாம். தமிழ்ப்பள்ளி, மருத்துவமனை, தோட்டத் தொழிலாளர் சட்டம் மத்திய அரசுக்கு உரியவை. அதில் சட்டமன்ற வேட்பாளர் வாக்குறுதி கொடுத்தால், 'யாரிடம் பேசிச் செய்வீர்கள்?' என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

கே: ஓட்டு செல்லாமல் போவது எதனால்?

ப: இரண்டு பேருக்குக் குறி போடுவது, ஒன்றுமே போடாமல் விடுவது, பெயரோ அடையாள எண்ணோ கோபத்தில் ஒரு வரியோ எழுதுவது, இவைதான் அதிகம். கிராணி (எழுத்தர்) தரும் ஓட்டுச் சீட்டில் ஆணையத்தின் குறி இருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் பாருங்கள். அது இல்லாத சீட்டும் எண்ணப்படாது.

இன்னொன்று, மை. சீட்டு கைக்கு வருமுன் இடது ஆள்காட்டி விரலில் மை பூசுவார்கள். ஈரத்தோடு சீட்டை மடித்தால் இன்னொரு வேட்பாளர் கட்டத்தில் தீற்று விழும். எண்ணும்போது முகவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். விரலை விலக்கிப் பிடித்து, காயவிட்டு, பிறகு மடியுங்கள். தவறாகக் குறி போட்டுவிட்டால் பெட்டியில் போடாமல் வாக்குச்சாவடித் தலைவரிடம் கொடுத்து வேறு சீட்டு கேட்கலாம். கூச்சப்பட்டுப் பெட்டியில் போட்டுவிட்டால் அந்த ஓட்டு போனதுதான்.

கே: தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓட்டுப் போட விடுப்பு தரமாட்டேன் என்கிறார் சூப்பர்வைசர்.

ப: 1958 தேர்தல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, வாக்காளரான ஊழியருக்கு வாக்களிக்கத் தேவையான நேரத்தைச் சம்பளம் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கும் இதே விதிதான். ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் அன்று காலையில் 'ஆள் இல்லை' என்பார்கள்.

கே: வேட்பாளர் தரப்பில் அரிசி மூட்டை கொடுத்தால் வாங்கலாமா?

ப: கூடாது. ஓட்டுக்காகக் கொடுப்பதும் வாங்குவதும் 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின்படி குற்றம்.

கே: அம்மாவுக்கு 78 வயது, சக்கர நாற்காலி. எப்போது அழைத்துப் போவது நல்லது?

ப: சாலுரான்களை (வாக்களிக்கும் வரிசைகளை) வயது வாரியாகப் பிரிப்பார்கள். மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். உங்களுக்கும் அம்மாவுக்கும் வேறு வேறு வகுப்பறை, வேறு வேறு வரிசை என்பதால் இருவருடைய சாலுரான் எண்ணையும் முதல் நாளே செமாக் பக்கத்தில் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் இருக்கும் பணியாளரிடம் சொன்னால் முதியவர்களை முன்னால் விடுவார்கள். காலை நேரமே நல்லது, மதியத்துக்குமேல் மழை வந்தால் பள்ளித் திடலில் நாற்காலியைத் தள்ள முடியாது. கண் தெரியாமலோ கை நடுங்கியோ அம்மாவால் குறி போட முடியாவிட்டால் உடன் ஒருவர் உதவலாம். அதற்கான உறுதிமொழிப் படிவத்தைத் தலைவரிடம் முதலிலேயே கேளுங்கள். அம்மாவின் மைகார்டை அவர் கைப்பையில் வையுங்கள், உங்கள் பர்ஸில் வேண்டாம். நீங்கள் வேறு வரிசையில் நிற்பீர்கள்.